புறா அடைகாத்த முராய் முட்டைகள்

என் தம்பி பாக்கியசாமி டிராம் கம்பிக்கு மேலே வளரும் கிளைகளை வெட்டும் வேலை செய்தான். பினாங்குப் பட்டணத்திலிருந்து ஆயர் ஈத்தாம் வரை டிராம் ஓடிய காலம் அது. சாலையின் இரு பக்கமும் அங்சானா மரங்கள் நின்றன. மழைக்காலம் முடிந்ததும் அவற்றின் கிளைகள் தாழ்ந்து கம்பியைத் தொடும். தொட்டால் நெருப்புப் பொறி பறக்கும். தொடாமல் பார்த்துக்கொள்வது அவன் சேர்ந்திருந்த குத்தகைக் கூட்டத்தின் பொறுப்பு. ஏணி வைத்து ஏறுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். ஏணி எட்டாத உயரத்துக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவன் என் தம்பி ஒருவன்தான். அக்காள் என்பதால் இதைச் சொல்லவில்லை. அவனோடு வேலை செய்தவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

அவன் கிளையை வெட்டிக் கீழே போட்டதில்லை. முதலில் கிளையின் நடுவில் ஒரு கயிற்றைக் கட்டுவான். அந்தக் கயிற்றை மேலே உள்ள கவட்டையில் போட்டு, மறுமுனையைக் கீழே நிற்பவரிடம் கொடுப்பான். பிறகுதான் பாராங் கத்தியை எடுப்பான். கிளை மெதுவாகத் தரைக்கு வரும். ரிக்‌ஷாக்காரர்கள் கூட அவன் ஏறிய மரத்தின் கீழே பயமில்லாமல் போவார்கள்.

வெட்டவேண்டிய கிளையில் கூடு இருந்தால் அதன் அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவான். குஞ்சுகள் பறந்துபோன பிறகு வந்து வெட்டுவான். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் நான் தைக்கும் துணியில் மிஞ்சிய சிவப்புத் துண்டுகளை எடுத்துக் கொடுப்பேன்.

கூட்டத்தை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு அவனைத் திட்டிக்கொண்டே இருப்பார். "என்னடா பாக்கியம், மரத்துக்கு மரம் கொடி ஏத்துறே? திருவிழாவா?" என்பார். திட்டுவாரே தவிர, நல்ல ஏறுகாரனை இழக்க அவருக்கு மனமில்லை. அதனால் துணி கட்டிய கிளைகள் தப்பித்தன.

டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போனபிறகு அவனை நான்தான் வளர்த்தேன். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். அவன் இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் வீட்டுக்கு வருவேன். அவன் நேராகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் இருந்த இப்ராஹிம் பாயின் வெற்றிலைக் கடைக்குப் போவான்.

இப்ராஹிம் பாய் மெர்போக் வளர்ப்பவர். மெர்போக் என்பது கழுத்தில் வரி வரியாகக் கோடு போட்ட சின்னப் புறா. கூண்டோடு உயரமான கம்பத்தில் ஏற்றிவிட்டால் காலை வெயிலில் கூவும். அதைக் கேட்க மலாய்க்காரர்களும் நம்மவர்களும் கடைவாசலில் கூடி நிற்பார்கள். என் தம்பிக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. பாயும் அவனுக்கு ஒரு ஜோடி கொடுத்தார். அவன் அந்தக் கூண்டை எங்கள் சமையற்கட்டின் வெளிச்சுவரில் மாட்டினான். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினம் உப்புப் போட்டுக் கழுவினான்.

மெர்போக் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நன்றாகக் கூவும் ஜோடியின் முட்டைகளை எடுத்து வேறொரு ஜோடியின் கூட்டில் வைத்துவிடுவார்கள். வளர்ப்புத் தாய் அடைகாக்கும். பெற்ற தாய் சீக்கிரமே மறுபடி முட்டையிடும். பாயின் முட்டைகள் இப்படி இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தன. இரண்டு தடவையும் குஞ்சு பொரித்து நன்றாக வளர்ந்தன. எந்த முட்டையை வைத்தாலும் தன் பெட்டைப் புறா பொரித்துவிடும் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் அவனுக்கு வந்தது.

அந்த வருஷம் பெரிய காற்று ஒன்று அடித்தது. கிளை ஒன்று முறிந்து கம்பியின்மேல் விழுந்து டிராம் நின்றுபோயிற்று. மறுநாள் மண்டோர் கூட்டத்தை அழைத்து, சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றார்.

"துணி கட்டுன கிளை?" என்று என் தம்பி கேட்டான்.

"துணி கிணி எல்லாம் இன்னைக்குக் கிடையாது. நீ வெட்டலைன்னா நான் ஏணி போட்டு நவமணிய ஏத்துவேன். அவன் எப்படி வெட்டுவான்னு உனக்குத் தெரியும்லா."

நவமணி கிளையைத் தூக்கி எறிகிறவன். ஆகவே என் தம்பியே ஏறினான். துணி கட்டிய கிளையில் ஒரு பொந்து இருந்தது. அதில் முராய் கூடு கட்டியிருந்தது. முராய் கறுப்பும் வெள்ளையுமான குருவி; விடியலில் வேலிமேல் உட்கார்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு பாடும். தாயும் தகப்பனும் அவன் தலையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அவன் இரண்டு கயிறு கட்டி அந்தக் கிளையை இறக்கினான். பொந்துக்குள் நாலு முட்டைகள். பச்சை கலந்த நீலத்தில் பழுப்புப் புள்ளிகள். ஒன்றுகூட உடையவில்லை.

"ஆம்லெட் போடக்கூடக் காணாதுடா இது" என்றான் நவமணி.

என் தம்பி முட்டைகளைத் தலைத்துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மண்டோரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அப்போது எங்கள் பெட்டைப் புறா தன்னுடைய இரண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு கையால் தூக்கி மறுகையால் நாலு முட்டைகளையும் உள்ளே வைத்தான்.

"அதுவே கைப்பிடி அளவு. ஆறையும் எப்படிடா மூடும்?" என்றேன்.

"மூடிக்கும்க்கா. தென்னநார் வச்சுச் சுத்திக் கட்டிட்டேன். சூடு வெளிய போகாது."

மறுநாள் மாலை இப்ராஹிம் பாய் வந்தார். கூண்டை எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன பாக்கியம் இது? முராய் முட்டைய எதுக்கு இதுல வச்சே?"

"உங்க முட்டையப் பொரிச்ச புறாதானே பாய்."

"அது மெர்போக் முட்டை. மெர்போக் வயித்துக்கு மெர்போக் சரி. புறாவுக்குத் தொண்டையில பால் ஊறும். குஞ்சு தாய் வாய்க்குள்ள மூக்க விட்டு அதக் குடிக்கும். முராய் குஞ்சு அப்படியா? வாயத் திறந்துக்கிட்டு நிக்கும், தாய் பூச்சியக் கொண்டாந்து போடும். இதுக்குப் போடத் தெரியாது, அதுக்குக் குடிக்கத் தெரியாது. அப்புறம் காட்டுக் கூட்டுல என்ன பேன் இருக்கோ, என்ன சீக்கு இருக்கோ."

"அப்ப என்னதான் செய்யறது?"

"வெட்டுன கிளைய எடுத்துட்டுப் போயி அந்த மரத்துலயே கட்டு, கம்பிக்கு எட்டாத பக்கம். பெத்ததுங்க அங்கதான் சுத்திக்கிட்டுக் கிடக்கும். வந்து உக்காந்துக்கும்."

"வெட்டுன கிளையத் திரும்பக் கட்டுனா மண்டோர் என்னையவே கட்டிப் போட்டுருவாரு பாய். கிளையும் விறகு வண்டியில போயிருச்சு."

"வேற ஒரு கட்டையக் குடைஞ்சு கட்டு. இல்லன்னா விட்டுடு. போனது போகட்டும்."

"போகட்டும்னு விடவா பாய் இறக்கிக் கொண்டாந்தேன்?"

பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாலு உயிரையும் காப்பாற்றிவிட வேண்டும், தான் வெட்டிய கிளையால் அவை போயின என்று இருக்கக்கூடாது என்பதைத் தவிர என் தம்பிக்கு வேறு எதுவும் அப்போது கண்ணில் படவில்லை.

முராய் முட்டைகள் முதலில் பொரித்தன. மூன்றில் குஞ்சு வந்தது, ஒன்று கூமுட்டை. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. குஞ்சுகள் இறகில்லாமல், கண் திறக்காமல், தலையை மேலே தூக்கி வாயைப் பிளந்தன. பெட்டைப் புறா அவற்றைக் குனிந்து பார்த்தது. அதன் முட்டைகள் பொரிக்கும் நாள் இன்னும் வரவில்லை. தொண்டையில் பாலும் ஊறவில்லை. ஊறியிருந்தாலும் அந்தக் குஞ்சுகள் அதன் வாயைத் தேடவில்லை. வாயைப் பிளந்தபடியே ஆடின. புறா நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்து கூண்டின் மறுகோடிக்குப் போயிற்று. சேவல் புறாவைக் கூட்டுக்குள் தள்ளிப் பார்த்தான். அதுவும் உட்காரவில்லை. புறாவின் சொந்த முட்டைகள் இரண்டும் சூடு போய்க் கெட்டன.

அவன் குஞ்சுகளைத் தகர டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டான். எறும்பு முட்டையும் நசுக்கிய வெட்டுக்கிளியும் ஈர்க்குச்சியின் நுனியில் வைத்து ஊட்டினான். நானும் ஊட்டினேன். தையலை மடியில் வைத்துக்கொண்டே ஊட்டினேன். ஒரு குஞ்சு காலையில் விறைத்துக் கிடந்தது. இன்னொன்று பிறகு போயிற்று. இரண்டையும் அவன் வாழைமரத்தடியில் புதைத்தான். வந்து கை கழுவினான். சோறு போட்டேன், சாப்பிட்டான்.

அதற்குள் புறாக்களின் இறகுக்கடியில் சிவப்பாகப் பொடிப் பேன் பற்றியிருந்தது. வேப்பிலைத் தண்ணீரில் கழுவினான், கூண்டை வெயிலில் காயவைத்தான். சேவல் புறா கூவுவதை நிறுத்தியது. ஒருநாள் கூண்டின் தரையில் கிடந்தது. பெட்டையும் அதன் பின்னாலேயே போயிற்று. இப்ராஹிம் பாய் செய்தி கேட்டு, "கூண்டக் கடைப் பக்கம் கொண்டு வராத தம்பி. தப்பா நினைக்காத. என்கிட்ட இருக்கிறதுக்கும் தொத்திரும்" என்று சொல்லியனுப்பினார். அவன் தப்பாக நினைக்கவில்லை. கூண்டைக் கொளுத்திவிட்டான்.

மிஞ்சிய குஞ்சு வளர்ந்தது. இறகு முளைத்துக் கறுப்பும் வெள்ளையும் தெளிவாக வந்தன. பார்க்க அழகான சேவல் முராய். அவன் வீட்டுக்குள் வந்தால் அவன் தோளில் உட்காரும். என் கத்தரிக்கோலைக் கொத்தும். பூனையைக் கண்டாலும் நகராது, நான்தான் விரட்டவேண்டும். முராய்ப் பாட்டு அதற்கு வரவில்லை. பாடிக் காட்ட ஆளில்லாமல் எங்கிருந்து வரும்? இரண்டு வாரம் கூட இருந்த புறாக்களின் கூவலைப் போல ஏதோ சொல்லிப் பார்க்கும். அதற்குப் பிறகு பல் தேய்க்கும் சத்தம் போல ஒன்று.

இதற்கிடையில் என் தம்பி அதே அங்சானா மரத்தில் ஏறவேண்டி வந்தது. வெட்டிய கிளைக்கு மேலே, சாலையைப் பார்க்காத பக்கம், வேறொரு பொந்தில் அந்த முராய் ஜோடி மறுபடி கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் இறகு முளைத்துப் பொந்துவாயில் நின்றன. வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னான்.

"அதுங்க திரும்ப முட்டை போட்டிருக்குக்கா."

"நல்லதுதானே."

"ஆமா. நல்லதுதான்."



ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கடன் வாங்கிய சிறு கூண்டில் பறவையைப் போட்டுக்கொண்டு அந்த மரத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். தன் இனத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தான். கூண்டைத் திறந்தான். அது உடனே வரவில்லை. பிறகு வந்து அவன் தோளில் ஏறிற்று. அவன் அதைக் கையில் எடுத்து ஒரு தாழ்ந்த கிளையில் வைத்தான். நாங்கள் சாலையைக் கடந்து தள்ளி நின்றோம்.

மரத்துச் சேவல் முராய் அதைப் பார்த்துவிட்டது. வாலை விரித்து, நெஞ்சை நிமிர்த்திப் பாடிற்று. அந்நியச் சேவல் வந்தால் இது என் இடம் என்று சொல்லும் பாட்டு அது. வேறு எந்த முராயும் பறந்து போயிருக்கும். அல்லது பதிலுக்குப் பாடியிருக்கும். எங்கள் பறவைக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் தெரியாது. உட்கார்ந்தே இருந்தது. மரத்து முராய் பாய்ந்து அதன் தலையில் கொத்திற்று. இரண்டாவது தடவை பாய்ந்தபோது எங்கள் பறவை கீழே சாக்கடை ஓரப் புல்லில் விழுந்தது.

என் தம்பி ஓடினான். அது எழுந்து நடந்து அவன் காலருகே வந்தது. உச்சந்தலையில் இறகு போய் ரத்தம் தெரிந்தது. வளர்ந்த பறவை, குஞ்சு போல இறக்கையை நடுக்கிக்கொண்டு, அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது.

ஆயர் ஈத்தாம் டிராம் எங்களைக் கடந்து போயிற்று. அவன் பறவையை எடுத்துக் கூண்டில் விட்டான். கொக்கியைப் போட்டான்.

"இன்னொரு நாள் பாக்கலாம்டா" என்றேன்.

"வேணாம்க்கா. இது போகாது."

வீட்டுக்கு வந்தோம். வெற்றுச் சுவரில் இருந்த ஆணியில் கூண்டை மாட்டினான். சட்டையை மாற்றிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு, வெட்டுக்கிளி பிடிக்கப் புல்வெளிக்குப் போனான்.