யானைப் படம் போட்ட பொத்தான்

பிறர் தடுமாறுவதைக் கைகட்டிக்கொண்டு பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். புதிய கைப்பேசிச் செயலிகளைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாய் திறந்து உதவக் கூடாது. உதவினால் சோதனை கெட்டது.

சொந்த ஊர் போடி என்பதால் யானை எச்சரிக்கைச் செயலி என் தலையில் விழுந்தது. மலையிலிருந்து யானை இறங்கினால், திரையில் உள்ள யானைப் படத்தைத் தொட வேண்டும். அக்கம்பக்கத்துக் கைப்பேசிகள் எல்லாம் அலறும், ஆட்கள் ஓடிவருவார்கள். தேவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த என் அத்தையிடம் முதலில் கொடுத்தேன்.

அத்தை படத்தைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சோதனை முடிந்ததும், "அத்தை, அது பிள்ளையார் இல்ல, யானை" என்றேன்.

"தெரியும் அப்பு. ஆனையும் சாமிதான? கண்ணுல பட்டா கும்பிடாமப் போக முடியுமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படியே செய்தார்கள். படத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் அழுத்திப் பிடித்தால் மட்டும் அலறும்படி செய்யுங்கள் என்று அலுவலகத்தில் கெஞ்சினேன். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிகிறதே என்றார்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அந்த 'பார்க்கலாம்' எனக்குத் தெரியாததா?

செயலி அப்படியே ஊருக்குள் வந்தது. விடிந்தால் கைப்பேசிகள் அலறின. "யாரோ சாமி கும்பிடுறாக" என்று முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சத்தத்தை அணைத்து வைத்தார்கள்.

ஒரு சாயங்காலம் நிஜமாகவே யானை வந்தது. மாமா காவல் பரணில் இருந்தார். அத்தை படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் ஒருவரும் வரவில்லை. யானை முட்டிப் பரண் சரிந்ததில் மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தை என் சட்டையைப் பிடித்து உலுக்கட்டும் என்றுதான் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான் அப்பு. பதட்டத்துல செருப்பக் கழட்டாமத் தொட்டுட்டேன். அதான் சாமி ஆரையும் கூட்டியாரல."

குறை பொருளில் இருந்தாலும் மனிதர்கள் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எத்தனையோ கூட்டங்களில் அதை நான் விளக்கியிருக்கிறேன். அங்கே "இல்ல அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

"அடுத்த தடவ ஒழுங்காத் தொடுறேன். நீ வெசனப்படாத" என்றார் அத்தை.