எதிராளி வீட்டில் வோட்டு கேட்கப் போனது

அமெரிக்காவில் நான் முதன்முதலாக வோட்டு கேட்டது ஒரு காலிங்பெல்லிடம்.

எங்கள் வார்டில் இப்போது புதிதாக வோட்டு கேட்க ஸ்குவாடு போகும் பெண்பிள்ளைகள், “மெம்பரம்மா, அங்க எலெக்ஷன் எப்பிடி?” என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் நின்று சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். நாலாம் கிளாஸ் படிப்புதான் எனக்கு, கை மெதுவாகத்தான் ஓடும். நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் வீடு வீடாக ஏறி வோட்டு கேட்டே வளர்ந்தவள் நான். மற்ற நாளில் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை, எலெக்ஷன் வந்தால் ஸ்குவாடு. ஒரு தடவை நானே நின்று ஜெயித்து, அஞ்சு வருஷம் பஞ்சாயத்து மெம்பராகவும் இருந்தேன். என் காலத்தில் போட்ட ரோடு இன்னும் குழி விழாமல் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

என் மகள் ஷீபா அங்கே நர்ஸ். போய் வெகுகாலம் ஆகி, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அவள் இருப்பது சின்ன நகரம், நம்ம நெய்யாற்றின்கரை டவுனில் பாதி கூட வராது. அதற்கும் ஒரு மேயர் உண்டு. அந்த மேயர் பதவிக்கு அவள் நிற்கிறாள் என்று போனில் சொன்னதும் நான் பெட்டியைக் கட்டினேன்.

நின்றதற்குக் காரணம் ஒரு ஆம்புலன்ஸ். ஊருக்கென்று இருந்த ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது தூரத்துப் பெரிய நகரத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அங்குள்ள மேயர் சொல்லியிருந்தார்.

“அது வந்து சேருகதுக்குள்ள நெஞ்சுவலிக்காரன் போய்ச் சேர்ந்திருவான், அம்மா. ஆஸ்பத்திரியில நான் நிதம் காணுகது இது” என்றாள் ஷீபா. எதிர்த்து நிற்க வேறு யாரும் வரவில்லை. அவளே நின்றாள்.

பெல்லும் நானும்

ஷீபாவின் தேர்தல் வேலைகளை நடத்தியவள் கேரல் என்ற வெள்ளைக்காரி. நல்ல சுறுசுறுப்பு. ஆனால் அவள் சொன்ன சட்டங்களைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கதவைத் தட்டணும், திறக்காவிட்டால் கைப்பிடியில் நோட்டீஸை மாட்டிவிட்டு நடக்கணும், திறந்தால் ரெண்டு வார்த்தை பேசணும், வீட்டுக்குள்ளே ஏறக் கூடாது.

“நமக்கு சின்னம் என்ன மக்கா?” என்று ஷீபாவிடம் கேட்டேன்.

“இங்க சின்னம் கிடையாது அம்மா. கட்சியும் கிடையாது. பேரு மட்டும்தான்.”

“பின்ன சுவருல என்னத்த வரைய?”

“சுவருல வரைஞ்சா போலீஸ் வரும்.”

ஜீப் இல்லை, மைக் இல்லை, கடைசி நாள் சாயங்காலம் எல்லாக் கட்சியும் செண்டை அடித்துக் கூடும் கொட்டிக்கலாசமும் இல்லை. எனக்கு அங்கே வோட்டும் இல்லை. ஆனால் நடக்கக் காலும் கேட்க வாயும் உண்டே. மருமகன் சுனிலைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சுனில் தனுவச்சபுரத்துப் பையன், கூச்சக்காரன். நான் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது அவன் வேலை.

முதல் வீட்டில் பெல்லை அமுக்கினேன். பெல்லுக்குள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பேசியது. நான் கும்பிட்டு, “எனக்க மக ஷீபாவுக்கு வோட்டு போடணும், ஆம்புலன்ஸ் நிக்கக் கூடாது” என்று விவரமாகத் தொடங்கினேன்.

“மாமி, அது பெல்லு ஆக்கும்” என்றான் சுனில். “அந்தப் பொம்பள ஆபீசில இருந்து போனில பாக்குதா.”

“அப்ப ஆபீசில இருக்கவளுட்டயும் கேட்டாச்சு. நம்ம ஊருன்னா இதுக்கு ரெண்டாமத்தது ஒரு நடை நடக்கணும். நீ சொல்லு பிள்ளே.”

அவன் சொன்னான். பெல்லுக்குள்ளே அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு தடவை வரச் சொன்னாள்.

அப்புறம் கேரலின் சட்டம் என் காலில் நிற்கவில்லை. சேலை கட்டிய கிழவி வாசலில் நின்றால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே வா என்றார்கள், போனேன். தண்ணீர் தந்தார்கள், குடித்தேன். ஐஸ் போட்ட தண்ணீர், பல் கூசியது. ஆனாலும் ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடித்த வீட்டில் பேச்சு தானாக வரும்.

சிவப்புப் புள்ளி

சுனிலின் போனில் ஊர் மேப் இருந்தது. நம்மை ஆதரிக்கும் வீட்டுக்குப் பச்சைப் புள்ளி, சந்தேகத்துக்கு மஞ்சள், போகவே வேண்டாத வீட்டுக்குச் சிவப்பு. ஒரு மூலையில் ரொம்பப் பெரிய சிவப்பு.

“இது யாருக்க வீடு?”

“மேயர் டேல் வீடு, மாமி. ஷீபாவுக்கு எதிரா நிக்கவரு.”

“அங்க போயாச்சா?”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நம்ம ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்கிறவர் எதிராளி வீட்டுக்கும் போய் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. நான் நின்றபோது எனக்கு எதிராக நின்றவள் பக்கத்து வீட்டு சரோஜம். காலையிலேயே அவள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். “சாயா உனக்கு, வோட்டு எனக்கு” என்று சொல்லி டம்ளரை நீட்டினாள். ரெண்டு பேரும் சிரித்தோம். எலெக்ஷன் முடிந்தாலும் ஒரே வழியில்தானே நடக்கணும்.

“வண்டிய அங்க விடு” என்றேன்.

“கேரல் அறிஞ்சா கொன்னுருவா, மாமி.”

“கேரலுக்கு நான் பதில் சொல்லுகேன். நீ விடு.”

ஷீபாவுக்கென்று நான் ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்தில் ஒரு டப்பா என் பையில் இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா.

டேல் நல்ல உயரமான கிழவர். முற்றத்தில் அவர் பேர் எழுதிய போர்டு, என் உயரத்துக்கு. நான் டப்பாவை நீட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலேயே கேட்டேன்: “மை டாட்டர் ஷீபா. வோட்டு, ப்ளீஸ்.”

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சுனிலிடம் ஏதோ கேட்டார்.

“இது யாருக்க வீடுன்னு அறியுமான்னு கேக்காரு, மாமி.”

“அறிஞ்சுதான் வந்தேன்னு சொல்லு.”

“இத்தன எலெக்ஷன் நின்னிருக்காராம். அவருக்க வோட்டை அவருட்ட வந்து ஒருத்தரும் கேட்டது இல்லியாம்.”

“கேக்காம எப்பிடிக் கிடைக்கும்னு கேளு.”

“அப்பிடியேவா, மாமி?”

“அப்பிடியேதான்.”

டேல் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். உள்ளே கூப்பிட்டார். அவர் மனைவி முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். சிறுபயறும் கருப்பட்டியும் என்று சுனில் விளக்கினான். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். ஆம்புலன்ஸை என்னத்துக்கு நிறுத்துகிறீர்கள்?

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசினார். சுனில் சுருக்கிச் சொன்னான்.

“வண்டி ஓட்டுகவங்க எல்லாம் சம்பளம் வாங்காத ஊர்க்காரங்களாம். வயசாயிட்டாம். இள வயசுக்காரங்க பகல்ல வெளியூருக்கு வேலைக்குப் போயிருவாங்களாம். மத்தியானம் உச்சைக்கு ஒருத்தன் விழுந்தா வண்டி உண்டு, ஓட்ட ஆளு இல்ல. இருக்குன்னு நம்பி ஒருத்தன் சாகுகத விட, இல்லன்னு அறிஞ்சா வேற வழி பாப்பானாம். உங்க மகளுட்ட கேளுங்க, பகல்ல யாரு ஓட்டுவான்னு சொல்லுதாரு.”

அந்த மனுஷன் மோசக்காரன் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

புறப்படும்போது அவர் மனைவி டேலையும் என்னையும் முற்றத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். நான் நன்றாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பின்னால் அந்தப் போர்டு.

படம்

வீடு வந்து சேருவதற்குள் அந்தப் படம் ஊர்க்காரர் எல்லார் போனிலும் போய்விட்டது. “இன்றைக்கு யார் வந்தார்கள் பாருங்கள்” என்று மட்டும் அந்த அம்மா எழுதியிருந்தாள். அவள் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படி இருக்கும்? டேல் பேர் போட்ட போர்டுக்கு முன்னால் ஷீபாவின் அம்மா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, பெத்த தாயே டேலுக்கு வோட்டு பிடிக்கான்னு ஊரு முழுக்கப் பேச்சு” என்றாள் ஷீபா. அவள் கண் கலங்கியிருந்தது.

“டேலுக்கு வோட்டு பிடிக்கதுக்கு நான் என்னத்துக்கு முந்திரிக்கொத்து கொண்டு போவேன்?”

“அவங்களுக்கு முந்திரிக்கொத்து என்னன்னு அறியுமா அம்மா?”

கேரல் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று சுனிலைக் கேட்டேன். அவன் தயங்கினான். வயதான அம்மா, இந்த நாட்டு விவரம் தெரியாமல் வழி தவறிப் போய்விட்டாள் என்று ஒரு அறிக்கை விடலாம் என்கிறாளாம்.

“விவரம் தெரியாமலா? ஒரு வார்டையே அஞ்சு வருஷம் நடத்தினவ நான். அப்பிடி ஒரு எழுத்து வந்தா நாளைக்கே நான் பிளேன் ஏறுவேன்.”

“வராது அம்மா” என்றாள் ஷீபா. “எனக்க அம்மைக்கு விவரம் இல்லன்னு எழுதித்தான் ஜெயிக்கணும்னா எனக்கு இந்த மேயர் வேண்டாம்.”

என் மகள். எனக்கு அப்போதே பாதி எலெக்ஷன் ஜெயித்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் டேல் சொன்னதைச் சொன்னேன். ஷீபா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பிடியா சொன்னாரு? பகல்ல ஆள் இல்லியா?” பச்சைப் புள்ளி வீடுகளில் அத்தனை பேரும், ‘நீ சொல்வது சரி, ஆம்புலன்ஸ் வேணும்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யார் ஓட்டுவார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் எங்கள் ஸ்குவாடு மாறியது. ஷீபாவும் கூடவே வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: “வோட்டு அப்புறம் இருக்கட்டும். பகலில் வாரத்துக்கு ஒரு நாள் உன்னால் வண்டி ஓட்ட முடியுமா? பயிற்சி நான் தாறேன்.” அந்தப் பெல் வீட்டுக்கும் மறுபடி போனோம். அவள் லீவு நாளில் ஓட்டுகிறேன் என்றாள்.

கேள்வி

தேர்தலுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்கூட்டம். ரெண்டு பேரும் மேடையில். முதல் கேள்வியே அந்தப் படம்தான். ஷீபாவின் அம்மா யார் பக்கம் என்று ஒருத்தன் எழுந்து கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஷீபா வாய் திறப்பதற்குள் டேல் மைக்கை எடுத்தார். சுனில் என் காதில் சொன்னான்: “அந்த அம்மா எனக்க வீட்டில வந்து, மகளுக்கு எனக்க வோட்டைக் கேட்டாங்க. இந்த ஊருல அந்தத் தைரியம் வேற யாருக்கும் வரல்ல. நான் போடுகேன்னு சொல்லல்ல. ஒரு கேள்விதான் கேட்டு விட்டேன். இப்ப மகளுட்டயே கேக்கேன். பகல்ல யாரு ஓட்டுவா?”

ஷீபா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஹாலைப் பார்த்து, எழும்புங்கள் என்று மட்டும் கையைக் காட்டினாள்.

முதலில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அம்மா எழும்பினாள். அப்புறம் ரொட்டிக் கடைக்காரன், பாஸ்டர், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் வீட்டில் இருக்கும் ரெண்டு நர்ஸ், நம்ம பெல்காரி. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பிக்கொண்டே இருந்தார்கள். கேரலும் எழும்பினாள். டேல் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு முதல் ஆளாகக் கை தட்டினார்.

ஷீபா ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஜெயித்தாள் அவ்வளவுதான். செண்டை இல்லாவிட்டால் என்ன, ஷீபா வீட்டு அடுக்களையில் நானே ஒரு பாத்திரத்தை எடுத்துக் கரண்டியால் கொட்டினேன். கேரல் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு கூடச் சேர்ந்தாள்.

டேல் வோட்டு யாருக்குப் போட்டார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. வோட்டு கேட்பதுதான் நம்ம வேலை, போட்டாயா என்று கேட்பது நம்ம வேலை இல்லை. உங்களுக்கு நான் சொல்ல உள்ளது இதுதான்: பச்சைப் புள்ளி வீட்டில் கிடைப்பது சந்தோஷம். செய்ய வேண்டிய வேலை என்ன என்று சொல்லித்தருவது சிவப்புப் புள்ளி வீடு. அதைக் கடந்து போகாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஷீபா கூப்பிட்டாள்.

“டேல் இன்னைக்கும் ஆபீசுக்கு வந்தாரு, அம்மா.”

“என்னத்துக்கு?”

“குறை சொல்ல. மேற்குத் தெருவில குழி, பார்க்கில விளக்கு இல்ல. நிதம் ஒண்ணு கொண்டு வாறாரு.”

“இருக்கச் சொன்னியா?”

“நாற்காலி போட்டுக் கொடுத்தேன். காப்பியும் கொடுத்தேன்.”

“அப்ப அடுத்த எலெக்ஷனும் நீ ஜெயிச்சாச்சு, மக்கா” என்றேன்.