மாப்பிள்ளை வாங்கிய கார்

செக்காலையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மஞ்சள் கார் பந்தயத்தில் பறப்பதற்காகச் செய்த சாதி. இங்கே அது என்னோடு மீன் வாங்கப் போகிறது. துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் போன லீவுக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கி வந்தார். அதற்காக எங்களிடம் இருந்த பழைய உயரமான காரைத் தள்ளிவிட்டார். சின்ன வயது ஆசையாம். ஆசைப்பட்டது அவர், ஓட்டுவது நான். லீவு முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிட்டார்.

ஓட்டாமல் போட்டு வைக்கவும் முடியாது, பேட்டரி போய்விடும். தினமும் வீடியோ காலில், மகள் சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு முன்னால், "வண்டிய எடுத்தியா?" என்றுதான் கேட்பார். எடுத்தேன் மச்சான் என்பேன்.

எடுத்துக்கொண்டு எங்கே போக? இரண்டே சீட்டு. டிக்கியில் ஒரு பை வைத்தால் நிறைந்துவிடும். அரிசி மூட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தால், பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும். மூட்டைக்கு பெல்ட் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். நம் ஊர் வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம், ஆளாளுக்குத் தங்கள் வாசலில் கொட்டிவைத்த சிமென்ட் மேடு. ஒவ்வொன்றிலும் கோணலாக ஏறி, அடியில் உரசும் சத்தத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அலுத்துவிடுவார். இந்தக் கூத்தையெல்லாம் சிரித்தே சமாளித்துக்கொண்டிருந்தேன். அத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அத்தா என்றால் என் தகப்பனார். கோவிலூர் போகிற வழியில் அம்மாவோடு இருக்கிறார். அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். முதல் சில மாதம் விடாமல் பிசியோதெரபி கொடுத்தால் கால் திரும்பும், விட்டால் இப்படியே நின்றுபோகும் என்றார். பிசியோதெரபி கொடுக்கும் இடம் செக்காலை ரோட்டில்தான் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவரைக் கூட்டிவர என்னை விட்டால் ஆளில்லை.

முதல் தடவை ஆட்டோவில்தான் போனோம். அந்த உயரம் அவருக்கு வாகாக இருந்தது. நல்ல கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார். யார் பார்த்து யாரிடம் சொன்னார்களோ, அன்று மத்தியானமே துபாயிலிருந்து போன் வந்தது.

"வாசல்ல இப்பேர்ப்பட்ட வண்டி நிக்குது, மாமாவ ஆட்டோலயா கூட்டிட்டுப் போற? என்னையப் பத்தி நாலு பேரு என்ன நெனப்பாக?"

"அவுகளால அதுல ஏற முடியாது மச்சான். தரையோட தரையா இருக்கு."

"ரெண்டு நாளு ஏறி எறங்குனா பழகிரும்."

அத்தாவாவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் அதற்கு மேல். மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தால் எழுந்து நிற்கிற மனிதர். மாப்பிள்ளை எடுத்துக்கொடுத்த சட்டை கழுத்தை இறுக்கினாலும் பெருநாளைக்கு அதைத்தான் போடுவார்.

"மாப்பிள்ள ஆசையா வாங்கி நிப்பாட்டிருக்காக. நான் ஆட்டோல போனா அவுகள மதிக்கலன்னு ஆயிரும். நீ காரையே கொண்டா" என்றார்.

கொண்டுபோனேன். முதுகைக் காட்டி நிற்கவைத்து, தலையைக் குனியவைத்து, இடுப்பைப் பிடித்து மெல்ல இறக்குவேன். கடைசி ஒரு சாணுக்கு என் கை தாங்காது, தொப்பென்று விழுவார். பிறகு கால்களை நான் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்குவது அதைவிடக் கொடுமை. ஒரு காலத்தில் ஹார்டுவேர் கடையில் சிமென்ட் மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப்போட்டவர், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவார். "இந்தா எந்திரிச்சுட்டேன்" என்பார், எழ முடியாமல் மறுபடியும் சீட்டில் சாய்வார். அவருடைய வியர்வை என் கன்னத்தில் படும்போது, அந்தக் காரைக் கடப்பாரையால் அடித்து நொறுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும்.

ஒருநாள் பிசியோதெரபி வாசலில் இறக்கும்போது பிடி நழுவி, ரோட்டில் மண்டியிட்டு விழுந்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தூக்க வந்தவர்கள் இல்லை, கார் பார்க்க வந்தவர்கள். பைக்கை நிறுத்திவிட்டுச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பணிவாகத்தான் கேட்டார்.

"அக்கா, அய்யாவ கொஞ்சம் அங்குட்டு நகத்திக்கிறீகளா? வண்டி முழுசா வரல."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். அத்தா என் கையை அழுத்தினார். "எங்க மாப்பிள்ள வண்டிதான் தம்பி. நல்லா எடுங்க" என்று தரையில் இருந்தபடியே சொன்னார்.

அதோடு அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்பார், இன்னொரு நாள் யாரோ பார்க்க வருகிறார்கள் என்பார். யாருக்கும் தெரியாமல் ஆட்டோவில் போவோம் என்று கெஞ்சினேன். "இந்த ஊருல தெரியாம என்ன நடக்குது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க முடியுமா என்று பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். கருவிகளெல்லாம் இங்கேதானே இருக்கின்றன என்று அவரும் கைவிரித்துவிட்டார். சண்டை போட்டேன், அழுதேன். எதுவும் நடக்கவில்லை.

போன வாரம் காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அத்தா நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவர் வாயருகே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் என் கணவரின் குரல் கேட்டது.

"வண்டி பஞ்சு மெத்த மாதிரி இருக்கு மாப்பிள்ள" என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார். "அதுல போயிட்டு வந்ததுலயே காலு சரியாயிருச்சு, அல்ஹம்துலில்லாஹ். இனிமே போகத் தேவையில்ல. நீக ஒண்ணும் கவலப்படாதீக."

நான் வந்துவிட்டேன் என்று அம்மா சொன்னார். என் கணவருக்கு ஒரே சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னேன்ல, பழகிரும்னு? மாமா இப்ப நல்லா நடக்குறாகளா?"

இடது பாதம் விரல்கள் மடங்கித் தரையில் ஒட்டிக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதைப் பார்த்ததும் அத்தா, சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்து, சொல்லாதே என்று காட்டினார். பிடி இல்லாமல் உடம்பு ஆடத் தொடங்கியது. அப்போதும் கையை இறக்கவில்லை.

அவர் இடுப்பை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டே, "நடக்குறாக மச்சான்" என்றேன்.