எந்தக் குத்தாலம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் உமா மகேஸ்வரிக்கு நூலகம் என்றால் கைப்பேசிதான். தென்காசியில் வேலை பார்த்துக்கொண்டு, பகுதிநேரமாக இசையில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவளுக்கு வேறு வழியும் இல்லை. சென்னைக்குப் போய்ப் பழைய புத்தகம் புரட்ட லீவு கேட்டால், எங்கள் தலைமையாசிரியர் கிட்னியைக் கேட்டதுபோல் பார்ப்பார். அதனால் இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கும் மின்நூலகங்களிலேயே குடியிருந்தாள். மத்தியானம் வலது கையால் சாப்பாடு, இடது கையால் பக்கம் தள்ளுவாள். நான் அறிவியல் டீச்சர், பக்கத்து நாற்காலி. அவள் கண்டுபிடித்ததெல்லாம் முதலில் என் காதில்தான் விழும், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'குத்தாலம் நூதனச் சிந்து'. நூறு வருஷத்துக்கு முந்திய சின்னப் பாட்டுப் புத்தகம். அட்டையையும் முதல் சில பக்கங்களையும் கரையான் தின்றபின் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மிச்சத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் போட்டிருந்தது. உமாவுக்குத் தலைகால் புரியவில்லை. குற்றாலம் என்று பலகையில் எழுதியிருக்குமே தவிர, எங்கள் ஊரில் யார் வாயில் அது வந்திருக்கிறது? பஸ் கண்டக்டர் முதல் கோயில் அர்ச்சகர் வரை எல்லோருக்கும் அது குத்தாலம்தான். 'குற்றால அருவிக்கரைப் பாட்டு மரபு' என்று ஆய்வுத் தலைப்பையே அந்தப் புத்தகத்தின்மேல் கட்டினாள். பட்டியலில் ஊர்ப் பெயர் காலியாக இருப்பதைப் பார்த்து, ஊர் குற்றாலம் என்று அந்த மின்நூலகத்துக்கு அவளே எழுதிப்போட, அவர்களும் நன்றி சொல்லி நிரப்பிக்கொண்டார்கள்.

"பாட்டுல அருவியவே காணோமேட்டி, ஓடம்லா போவுது" என்று ஒருநாள் கேட்டேன்.

"அருவித் தண்ணி போற சித்தாத்துல அந்தக் காலத்துல ஓடம் போயிருக்கும்" என்றாள். அந்த ஓடத்துக்காக ஒரு அத்தியாயமே எழுதினாள்.

பல்கலைக்கழகம் கொடுத்த கூடுதல் காலமும் தீர்ந்து, இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். போன வாரம் ஏதோ ஒரு அடிக்குறிப்புக்குப் பக்க எண் பார்க்க வேறொரு மின்நூலகத்தில் தேடினாள். அங்கே அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி இருந்தது, அட்டையோடு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள்.

'தஞ்சாவூர் ஜில்லா, குத்தாலம்' என்று அச்சடித்திருந்தது.

மாயவரம் பக்கம் காவிரிக்கரையில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பலகையிலும் குத்தாலம்தான். ஓடம் போனது காவிரியில்.

திருநெல்வேலியில் இருக்கும் நெறியாளருக்கு என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"புஸ்தகம் போச்சுன்னா தலைப்பு போச்சும்மா. தலைப்பு போனா புதுசால்லா பதியணும். ஒனக்குக் காலம் முடிஞ்சிட்டே."

திட்டியிருந்தாலாவது தேவலை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. யாரைத் திட்ட? அட்டையைத் தின்ற கரையானையா, ஊர்ப் பேரைத் திருத்தமாகச் சொல்லாத எங்கள் வாயையா? இத்தனை வருஷமும் ஒரு கல்யாணம், ஒரு சீசன் குளியல் என்று எதற்கும் வராமல் படித்தவள் அவள்.

"ஒரு ஆதாரம் கெடச்சாப் போதும் ஸ்ரீமதி" என்றாள். "இந்தப் பாட்ட நம்ம ஊர்லயும் பாடியிருக்கலாம்லா. இன்னும் தேடுதேன்."

தேடினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் விடைத்தாள் திருத்தினேன். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"இங்கன பாரு."

அதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு மின்நூலகம். அதே புத்தகம். 'ஊர்: குற்றாலம், தென்காசி மாவட்டம்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவள் முகத்தில் மறுபடி களை வந்தது. வெட்கமில்லாமல் எனக்கும் சந்தோஷம் வந்தது. அப்புறம் விரலால் திரையைக் கீழே தள்ளினாள்.

'ஊர் குறித்த தகவல் உதவி: உமா மகேஸ்வரி, இசை ஆசிரியை, தென்காசி.'

முதல் நூலகம் அவள் எழுதிப்போட்டதை நம்பியிருந்தது. இது அதைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தது. உமா கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மணி அடித்தது. அடுத்த வகுப்பு அவளுக்குத்தான், எழுந்திருக்கவில்லை.

தப்பைத் திருத்தச் சொல்லி அவர்களுக்கு ஒரு மெயில் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் கீழே இவள் பேரைத்தானே போடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.