பெயர் வெட்டிய டம்ளர்

என் மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. பேனா போட்டு வைத்திருக்கிறேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: ‘இலுப்பூர் கால்பந்து அணி – மேனேஜர்.’ கால்பந்து அணி என்பது சரி. மேனேஜர் என்பதும் இன்றுவரை சரிதான். இலுப்பூர் என்பது மட்டும் ஆறு வருடமாகச் சரியில்லை. அணி கோயம்புத்தூருக்கு வந்து, பெயர் மாறி, சட்டையில் இருந்த மயில் போய்ப் புலி வந்துவிட்டது. போன வாரம் முதலாளி கூப்பிட்டு, அடுத்த சீசனிலிருந்து சென்னை என்றார். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்து, அட்டைப்பெட்டிக்கு ஆள் அனுப்பினேன்.

இந்த டம்ளரைக் கொடுத்தவர் எங்கள் மெஸ் அக்கா. முதலாளிக்கு இலுப்பூர் சொந்த ஊர். வளைகுடாவில் சம்பாதித்தவர். புதிதாகத் தொடங்கிய லீக்கில் ஓர் அணியை வாங்கி, சொந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார். கண்மாய்க்கரையை ஒட்டிய செம்மண் மைதானம். கரைதான் கேலரி. ஆட்டக்காரர்கள் தங்குவதற்கு ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். கேரளத்துப் பையன்கள், மணிப்பூர்ப் பையன்கள், நைஜீரியாக்காரர் ஒருவர், நம் பக்கத்துப் பிள்ளைகள் என்று இருபத்திரண்டு பேர். சமைக்க ஆள் தேடியபோது யாரோ அக்காவைக் கூட்டிவந்தார்கள். கணவரை இழந்தவர், ஐம்பதை நெருங்கிய வயது. மகளை நார்த்தாமலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக வாடகை வீட்டில் இருந்தார். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஆடுகிற பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்பதுதான்.

அணி குடிவந்த அன்று ஊரார் ஒரு காரியம் செய்தார்கள். புதுக்குடித்தனம் வைக்கிற பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவது போல, தெருத்தெருவாகத் தாம்பாளம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தேங்காய், வாழைப்பழம், ஒரு மூட்டை அரிசி, அண்டா, குண்டான், ஆளுக்கொரு தட்டும் டம்ளரும். கடைவீதிக்காரர்கள் ஒரு பங்கு, பள்ளிவாசல் தெருக்காரர்கள் ஒரு பங்கு. எனக்குச் சிரிப்பாகவும் கூச்சமாகவும் இருந்தது. மணிப்பூர்ப் பையன் ஒருவன் இங்கே யாருக்குக் கல்யாணம் என்று என்னிடம் கேட்டான்.

மறுநாளே அக்கா அத்தனை பாத்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றிப் பெயர் வெட்டுகிற பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு யார் பேர் போட வேண்டும் என்றார். முதலாளி பெயரைப் போடச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா முந்திக்கொண்டார்.

“ஊர் பேரப் போடுங்க. கீழ அந்தப் பிள்ளைக சட்டை நம்பரப் போடுங்க. மேனேஜர் தம்பிக்கு நம்பர் இல்ல, மேனேஜருன்னே போட்ருங்க.”

இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக எதற்கு, யார் திருடப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“திருட்டுக்கா தம்பி பேரு வெட்டுறது? கல்யாண வீட்டுக்கு எரவல் போன பாத்திரம் நூறு பாத்திரத்தோட கலந்து கெடக்கும். பேரு இருந்தாத்தான வீடு வந்து சேரும்.”

மூன்று சீசன் அங்கே ஆடினோம். பெரிதாக ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஆட்ட நாளில் மதியத்துக்குமேல் கடைவீதியில் ஒரு சாமான் வாங்க முடியாது. கோல் விழுந்தால் கரைமேல் நிறுத்தியிருக்கும் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்கும். தோற்றுவிட்டு வந்தால் அக்கா ஒன்றும் கேட்க மாட்டார். ரசத்தில் மிளகு மட்டும் கூடுதலாக இருக்கும். எந்தப் பையனுக்கு மோர் ஆகாது, யார் குழம்பை ஊற்றிக்கொண்டு கறியைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பான் என்பதெல்லாம் அவருக்கு நம்பர் வாரியாக அத்துப்படி. ஒன்பதாம் நம்பர் நைஜீரியாக்காரர் ‘அக்கா, காரம், காரம்’ என்று தட்டை நீட்டுவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள்.

பிறகு லீக்கில் புது விதி வந்தது. விளக்குக் கம்பம் வேண்டும், நாற்காலி போட்ட கேலரி வேண்டும். முதலாளியோடு பங்கு சேர்ந்தவர்கள் கோயம்புத்தூரில் தயாராக ஒரு மைதானம் இருக்கிறது என்றார்கள். அவர் கொஞ்ச நாள் வருத்தப்பட்டார், பிறகு சம்மதித்தார். ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. கடைவீதியில் நின்று, எங்கே போனாலும் நாம் இலுப்பூர் அணிதான் என்று பேசினேன். பெயர் மாறப்போவது எனக்கு அப்போதே தெரியும்.

ஒரு காலையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“டீம் வெளியூர் போகுதுன்னு சொல்றாங்களே, நெசமா தம்பி?”

“ஆமாக்கா.”

“அப்ப நானு?”

“நீங்க இல்லாம இந்தப் பயலுக ஒரு வாய் சாப்பிடுவானுங்களா? நீங்களும்தான் வர்றீங்க.”

அதைச் சொன்ன நேரத்தில் அது பொய் இல்லை என்றுதான் இன்றும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். முதலாளியிடம் பேசி எப்படியாவது கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பேசினேன். அங்கே உணவு நிபுணர் ஒருவர் இருக்கிறார், கேட்டரிங் ஏற்பாடாகிவிட்டது என்றார். வெளியே வந்து அக்காவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லலாம் என்று விட்டேன். நாளை என்பது பத்து நாளாயிற்று. அதற்குள் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் தலைமைச் சமையலுக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள். தங்க இடமும் தருவதாகச் சொன்னார்களாம். “டீமோட போறேன், வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி” என்று என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த வேலையை ஒரு போன் போட்டுத் திரும்ப வாங்கியிருக்கலாம். நான் ‘சரிக்கா’ என்றேன்.

புறப்படுகிற அன்று காலை ஏழு மணிக்குப் பஸ் தெருவில் வந்து நின்றது. பந்து, வலை எல்லாம் ஏற்ற ஒரு மினி லாரி. ஊரே வந்து ஓரமாக நின்றது. வாசலில் அக்கா கஞ்சி போட்ட சேலை கட்டி, தோளில் பையோடு நின்றார். பாத்திரமெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார். குடியிருந்த வீட்டைக் காலி செய்து சாவியையும் முந்தின நாளே கொடுத்துவிட்டாராம். வழியனுப்ப மகள் நார்த்தாமலையிலிருந்து வந்திருந்தாள். நான் அருகே போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பஸ்ஸைப் பார்த்தார்.

“சீட்டு இல்லையா தம்பி?”

“அங்க சமையலுக்கு வேற ஆள் போட்டுட்டாங்கக்கா.”

“எப்ப?”

நான் எதிர்பார்க்காத கேள்வி அது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தே பழகியவன், அன்று நழுவ இடமில்லை. “ஒரு மாசமாச்சுக்கா” என்றேன். மகள் என்னைத் திட்டத் தொடங்கினாள். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அக்கா அவளைக் கையமர்த்திவிட்டுக் கீழே உட்கார்ந்து சாக்கின் கட்டை அவிழ்த்தார். நம்பர் பார்த்து ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டுத் தட்டையும் டம்ளரையும் கையில் கொடுத்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு இந்த டம்ளரைக் கொடுத்தார். “அடுப்பக் கலைச்சுட்டேன் தம்பி. இன்னைக்கின்னு பாத்து எல்லாரும் வெறும் வயித்தோட போறீங்க” என்றார். அவருக்கு அதுதான் வருத்தமாம்.

கோயம்புத்தூரில் சாப்பாடு எடைபோட்டுப் பெட்டியில் வந்தது. தட்டுகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. முதல் வருடம் இலுப்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மயில் போட்ட சட்டையோடு ஆட்டம் பார்க்க வந்தார்கள். காவலாளி அவர்களை வெளியூர் ரசிகர்கள் பக்கம் உட்காரவைத்தார். கடைவீதிக்காரர் ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “மேனேஜர் சார், நாங்க இப்ப யாருக்குக் கைதட்டுறது?” என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். அடுத்த வருடம் வேன் வரவில்லை. பையன்களும் ஒவ்வொருவராக வேறு அணிக்குப் போனார்கள். போகிறபோது தட்டையும் டம்ளரையும் விட்டுவிட்டுப் போவார்கள், நான் எடுத்து அலமாரியில் அடுக்குவேன். நைஜீரியாக்காரர் மட்டும் தன்னுடையதைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோனார்.

அக்கா விராலிமலையில் மெயின் ரோட்டோரம் ஒரு சின்ன மெஸ் வைத்திருப்பதாகப் போன வருடம் தெரிந்தது. மகளோடு இரண்டு வருடம் இருந்து, கல்யாணச் சமையலுக்கு உதவியாளாகப் போய், பிறகு தொடங்கினாராம். அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று அவர் சொல்லவில்லை. தட்டுகளையும் டம்ளர்களையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். லாரிக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து போன நேரம். என்னைப் பார்த்து, நேற்றுப் போய் இன்று வந்தவனைக் கேட்பது போல, “வாங்க தம்பி, எளச்சிட்டீங்களே” என்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. சாக்கை அவிழ்த்து நம்பர் நம்பராகத் துடைத்து வைத்தார். ஒன்றுக்கு மோர் ஆகாது, நாலு கறியை ஒதுக்குவான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒன்பது இல்லையே என்று அவர் தேடியதும், அது நைஜீரியாவுக்குப் போனதைச் சொன்னேன். சிரித்தார்.

“நல்லாருக்கட்டும். ஒங்க டம்ளரு எங்க தம்பி?”

பையில்தான் இருந்தது. கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். கை போகவில்லை. அதையும் கொடுத்துவிட்டால், அந்த ஊருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும் என்று பட்டது.

“தொலஞ்சு போச்சுக்கா” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இலுப்பூர்த் தெருவில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிறகு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்தார்.

“போனாப் போகுது, சாப்பிடுங்க. பேரு வெட்டியிருக்குல்ல, வந்துரும்.”

இன்று காலை அட்டைப்பெட்டிகள் வந்தன. எல்லாவற்றின் மேலும் ‘சென்னை’ என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். பேனாக்களைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவித் துடைத்தேன். புள்ளிகளுக்குள் மை இறங்கி, ஊர்ப் பெயர் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. கோயம்புத்தூரிலிருந்து இலுப்பூருக்குப் போவதைவிடச் சென்னையிலிருந்து போவது தூரம். பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, டேப்பை ஒட்டினேன்.