குருநாதன் டயரின் வலது பக்கம்

எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு டிராக்டர்களுக்கு டோக்கன் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக எடை மேடைக்கு அனுப்புவதுதான் குருநாதனின் வேலை. இருபத்து நான்கு வருஷமாகப் பெரம்பலூரிலிருந்து மொபெட்டில் போய் வந்தார். அந்த மொபெட் நாற்பதைத் தாண்டியதில்லை. அவரும் தாண்டச் சொன்னதில்லை.

மகள் கவியா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், "அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று போனில் கேட்டாள். பட்டு வேட்டி கேட்பார் என்று நினைத்திருந்தாள். குருநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானூறு சிசி வண்டி ஒண்ணு. பழசே போதும்" என்றார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி சிந்தாமணி பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.

வண்டி திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டில் கிடைத்தது. டாக்டர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். கறுப்பும் ஆரஞ்சுமாகப் பளபளத்தது. குருநாதன் அதில் ஏறி ஆலைக்குப் போனபோது டிராக்டர்காரர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதையா பயமா என்று அவருக்கு விளங்கவில்லை; இரண்டில் எதுவானாலும் சரி என்று வைத்துக்கொண்டார்.

ஆறு மாசம் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பிறகு அரியலூரிலிருந்து சிந்தாமணியின் தம்பி பிரசாத் வந்தான். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னைப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போய், காசு கட்டி, நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறவன். பரிசு கிடையாது, போட்டி கிடையாது, சும்மா சுற்றுவது. அவன் அக்கா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியின் பின் டயருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, உங்க டயருக்கு மீசை இருக்கு."

குருநாதன் குனிந்து பார்த்தார். டயரின் நடுப்பகுதி தேய்ந்து தோசைக்கல் மாதிரி தட்டையாகியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் புதுச்சரக்கில் இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் அப்படியே நின்றன.

"வண்டிய சாச்சுத் திருப்புனாத்தான் மாமா ஓரம் தேயும். நீங்க நேராவே போயி, நேராவே வந்திருக்கீங்க."

"ஆபீசுக்குப் போற ரோடு நேராத்தானேடா கெடக்கு."

"தடத்துல இந்த டயரோட வந்தீங்கன்னா சிரிப்பாங்க."

தடத்துக்கு வருவதாகக் குருநாதன் சொல்லவே இல்லை. ஆனாலும் பிரசாத் பஸ் ஏறுவதற்குள், அடுத்த தடநாளுக்கு இருவர் பெயரையும் பதிவு செய்தாகிவிட்டது. மூன்று மாசம் இருந்தது. அதற்குள் ஓரத்தைத் தேய்த்துவிடுவது என்று குருநாதன் முடிவு செய்தார்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குப் பாலக்கரை ரவுண்டானாவில் அவர் சுற்ற ஆரம்பித்தார். முதல் நாள் பத்துச் சுற்று. ஒரு வாரத்தில் நாற்பது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டிக்கொண்டே, "என்ன சார், வேண்டுதலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார் குருநாதன். டயருக்கு மீசை மழிக்கிறேன் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அதன்பிறகு அவர் வண்டி கடக்கும்போதெல்லாம் இரண்டு அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒன்றரை மாசம் கழித்து, உட்கார்ந்து டயரைப் பார்த்தார். வலது ஓரத்தில் முடி போய், ரப்பர் அழகாகச் சொரசொரத்திருந்தது. இடது ஓரத்தில் ஒரு முடிகூட உதிரவில்லை. ரவுண்டானாவில் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள், அந்தப் பக்கம் வலது பக்கம் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

மறுநாள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் சார், நல்லாத்தானே சுத்திகிட்டு இருந்தீங்க?"

"எடது பக்கம் தேயணுங்க."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வூட்டுக்குப் போயிட்டு, தூங்கி எழுந்திரிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆக, நடுவில் தட்டை, வலதில் சொரசொரப்பு, இடதில் மீசை என்று மூன்று நிறத்துப் பூனை போன்ற டயரோடுதான் குருநாதன் புறப்பட வேண்டியதாயிற்று. மினி லாரியில் அவர் வண்டியையும் பிரசாத்தின் வண்டியையும் ஏற்றினார்கள். சிந்தாமணியும் கட்டுச்சோற்றோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "ஏதாச்சும் ஆனா யாரு பாக்குறது?" என்றாள்.

தடத்தில் வண்டியை இறக்கியதும் முதல் வேலை பரிசோதனை. சோதித்தவள் கீதாஞ்சலி என்று ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் டார்ச். பிரேக், செயின், ஆக்சிலேட்டர் எல்லாம் பார்த்துவிட்டு டயரில் கையை வைத்தாள். கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"சார், டயர்ல என்ன தடவியிருக்கீங்க?"

"ஒண்ணும் தடவலியேம்மா."

"நான்தான்மா" என்று பின்னாலிருந்து சிந்தாமணி முன்னுக்கு வந்தாள். "நேத்து சாயங்காலம் வௌக்கெண்ணெய் போட்டுத் தொடச்சேன். பழசாட்டம் இருந்துச்சு. நாலு பேரு வர்ற எடம், பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு."

கீதாஞ்சலி சிரிக்கவில்லை. "அம்மா, முத வளைவுலயே சார் படுத்திருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு டார்ச்சை டயரின் பக்கவாட்டில் அடித்தாள். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். 1815.

"இது எந்த வருஷத்து டயர் சார்?"

"போன வருஷம் வாங்குனது."

"வண்டிதான் போன வருஷம். டயரு பொறந்தது ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, பதினெட்டாவது வாரம். முதல் ரெண்டு நம்பர் வாரம், கடைசி ரெண்டு வருஷம்." நகத்தால் அழுத்திக் காட்டினாள். ரப்பர் இறுகிப்போய் நகம் இறங்கவில்லை. ஓரத்தில் முடிபோல் வெடிப்புகள் ஓடின. பள்ளத்துக்குள் இருந்த சிறு மேடுகளைத் தொட்டுக் காட்டினாள். "நடுவுல ரப்பர் இந்த மேட்டு அளவுக்கு வந்துட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம். உங்களுது எப்பவோ வந்துருச்சு. எண்ணெய தொடச்சாலும் இத விட முடியாது சார்."

கடைசியாகக் காற்றை அளந்தாள். நாற்பத்தாறு இருந்தது. கல் மாதிரி இருந்தால்தான் நல்லது என்று குருநாதன் பெட்ரோல் பங்கில் கெஞ்சி அடித்துக்கொண்டு வந்த காற்று அது. "சுத்தச் சுத்த சூடேறி இன்னும் கூடும். அதனால கம்மியா வச்சுத்தான் உள்ள போகணும்" என்றாள். அவர் வண்டியின் அளவுக்கு டயர் அங்கே விற்பனைக்கும் இல்லை.

வாடகைத் தோலுடுப்பை மாட்டியிருந்த குருநாதன், அதைக் கழற்ற மனமில்லாமல் வெயிலில் வெந்துகொண்டு நின்றார். தடத்துக்குள் நுழையும் வாயிலில் ஒரே களேபரம். முப்பது வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒழுங்குபடுத்த வேண்டிய ஆளுக்கு விசில் ஊதி ஊதி முகம் சிவந்திருந்தது. குருநாதன் கொஞ்சம் பார்த்தார், தாங்க முடியவில்லை. போய்க் கையைத் தூக்கினார்.

"நீ பின்னாடி வா. ஏய் சிவப்பு, அடங்கு. மஞ்சள் முன்னாடி. அடுத்த டோக்கன்."

லட்சக்கணக்கில் விலை போகும் வண்டிகள் கரும்பு டிராக்டர்களைப் போல வரிசையில் நின்றன. பத்து வினாடிக்கு ஒன்றாக உள்ளே விட்டார். அமைப்பாளர்கள் அவருக்கு ஒரு தொப்பியும் மோரும் கொடுத்து, சாயங்காலம் வரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மதியம் கூட வந்த குடும்பத்தாரைக் காரில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டினார்கள். குருநாதன் பணியில் இருந்ததால் அவரால் ஏற முடியவில்லை. சிந்தாமணி ஏறினாள். திரும்பி வந்தவள் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மூணாவது வளைவு இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிரணும். வளைவுக்குள்ள போயி பிரேக்கப் புடிச்சா வழுக்கிரும். நீங்க பாக்கலையில்ல?"

"பாக்கல" என்றார் குருநாதன். புளியோதரை அன்றைக்கு ஏனோ கசந்தது.

நான்கு மாசம் கழித்து, புது டயர்களோடு மறுபடி போனார். எண்ணெய் டப்பாவை முன்கூட்டியே பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கீதாஞ்சலி கட்டை விரலைக் காட்டி உள்ளே விட்டாள். முதல் இரண்டு சுற்று டயர் சூடேறும்வரை மெதுவாகப் போகச் சொல்லியிருந்தார்கள். குருநாதன் கவனமான மனுஷன். இருபது சுற்றும் அப்படியே போனார். எல்லாரும் அவரைத் தாண்டினார்கள். பிரசாத் மட்டும் ஐந்து தடவை தாண்டினான். ஆனால் மூன்றாவது வளைவில் அவர் வேகத்தை முன்னாடியே குறைத்தார், வண்டி பட்டுப்போலச் சாய்ந்து திரும்பியது, ஹெல்மெட்டுக்குள் அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். இறங்கிப் பார்த்தபோது இரண்டு ஓரமும் அநேகமாக ஒரே அளவு தேய்ந்திருந்தது. சிந்தாமணியிடம் காட்டினார். அவளும் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு எந்த டயரைக் கண்டாலும் அவரால் சும்மா போக முடியவில்லை. போன தை மாசம் அரியலூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் வண்டிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து டயரின் நான்கு எண்களைத் தேடிக்கொண்டிருந்தவரைத் திருடன் என்று நினைத்து, பெண்ணின் சித்தப்பா சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிரசாத் ஓடி வந்து, "எங்க மாமாங்க, டயரு பாப்பாருங்க" என்று விளக்க வேண்டியதாயிற்று.

சித்தப்பா பிடியை விட்டார். சட்டையைத் தட்டிவிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தா நிக்குதே வேன், ஏலாக்குறிச்சிக்கு ஆளு ஏத்திகிட்டுப் போவணும். அதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

குருநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் போனார். நான்கு டயரில் இரண்டு பதினொரு வயசு. சித்தப்பா வேறு வேனுக்குப் போன் போட்டார். அது வந்து சேருவதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. சித்தப்பா குருநாதனைக் கையோடு கூட்டிப்போய் இரண்டாம் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்து, அப்பளம் இரண்டாகப் போடச் சொன்னார்.