அக்கா வளர்த்த ஈரல்

என் மனைவிக்கு வேலை ஈரல் செல்களுக்குச் சாப்பாடு போடுவது. இதைச் சொன்னதும் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். என் பிழைப்பு எல்லாருக்கும் புரிகிறது, அவளுடையது ஒருவருக்கும் புரிவதில்லை. அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில், உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள், சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டுகளில் மனித ஈரல் செல்கள் வளர்கின்றன. பழைய சத்து நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விட வேண்டும். ஞாயிறு, விடுமுறை எதுவும் அதுகளுக்குக் கிடையாது. என் தங்கை கல்யாணத்தில் பாதிப் பந்தியில் இவள் எழுந்து ஓடினாள். "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி ஓடமாட்டா" என்று என் அம்மா எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தார்.

அவள் ஓடியது தம்பிக்காக. என் மைத்துனன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவன். வண்டி நின்றாலும் வாய் நிற்காது. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி வைரஸ் அவனுக்கு வந்துவிட்டது. அதே வயிற்றில் பிறந்த இவளுக்கு வரவில்லை. "எனக்கு வந்திருக்கக்கூடாதா? அவன் சின்னப் பையன்" என்பாள். சின்னப் பையனாம்! தலையில் பாதி முடி கொட்டிவிட்டது.

தினமும் மாத்திரை போடுவான். மாத்திரை அந்த வைரஸைப் பெருகவிடாமல் அடக்கும், ஆனால் அடியோடு ஒழிக்காது. அது ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தன் பிரதி ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்கிறது. அழையா விருந்தாளி, போகவும் மாட்டான். நம்முடைய எந்த ஜீனின் தயவில் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதைத்தான் அந்தக் கூடத்தில் தேடினார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜீனை, விளக்கை அணைப்பதுபோல், வேலை செய்யவிடாமல் அணைத்துப் பார்ப்பார்கள். எந்தக் குழியில் வைரஸ் படுத்துவிடுகிறதோ, அந்த ஜீனைக் குறிவைத்து சிகிச்சை செய்யலாம் என்பது கணக்கு. வருடக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை.

ஒருநாள் அகப்பட்டது. ஒரு ஜீனை அணைத்த குழிகளில் வைரஸைக் காணோம், செல்களோ ஜம்மென்று இருக்கின்றன. திரும்பச் செய்தார்கள், மறுபடியும் அப்படியே. வெளியே மூச்சு விடாதே என்று கூடத்தின் தலைமை டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவளுக்கு நாக்கு நிற்குமா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், கிடைச்சிருச்சுடா!"

"பாத்தியா, நான் சொன்னேன்ல? எங்கக்கா யாரு!" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

அடுத்து எடுத்த ஸ்கேனில் அவன் ஈரலில் கட்டி தெரிந்தது. புற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அடிப்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அவன்தான் என் தோளைத் தட்டினான்.

"விடுங்க மாமா. கட்டியை டாக்டர் வெட்டட்டும். மிச்ச ஈரலை எங்கக்கா பாத்துக்குவா. வெட்டும்போது கட்டியோட கொஞ்சம் நல்ல ஈரலும் வரும்ல? அதை அவங்க கூடத்துக்கே குடுத்துடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். சும்மா தட்டுல வளந்ததுல பாத்தா போதுமா? நிஜ ஈரல்ல போட்டுப் பாக்கட்டும்."

விளையாட்டாகச் சொன்னானோ, புரிந்துதான் சொன்னானோ, விஷயம் அங்கேதான் இருந்தது. அத்தனை வருடமும் அவர்கள் தேடியது என்றைக்கோ யாரோ ஒருவரின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில். அவைதான் சாகாமல் பெருகும், வேலைக்கு வசதி. நல்ல ஈரல் செல் அப்படிப் பெருகாது. இது அவர்களுக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள்.

அவன் ஈரல் துண்டு ஐஸ் பெட்டியில் கூடத்துக்கு வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் டாக்டரம்மா. "என் தம்பிக்கு நான் பண்ணாம யாரு பண்ணுவா?" என்று இவள் கையுறையை மாட்டிக்கொண்டாளாம். செல்களைப் பிரித்துத் தட்டில் பரப்பினாள். பாதிக் குழிகளில் அந்த ஜீனை அணைத்தார்கள், பாதியைத் தொடாமல் விட்டார்கள். அணைத்த குழிகளில் வைரஸ் போயிற்று. கூடவே செல்களும் சுருண்டு செத்து மிதந்தன. புற்றுச் செல்லுக்கு அந்த ஜீன் இல்லாமல் காலம் தள்ள முடியும், நல்ல ஈரலுக்கு அதுதான் உயிர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

இங்கே ஆஸ்பத்திரியில், வெட்டியது போக மிஞ்சிய ஈரல் அவனைத் தாங்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீங்கிவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

"என்னக்கா, என் ஈரல் எப்படி இருக்கு? ஒழுங்கா சாப்பிடுதா?"

"நல்லா இருக்குடா. தளதளன்னு இருக்கு."

தொடாமல் விட்ட குழிகளைச் சொன்னாள். அது பொய்யில்லை. அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினான். "அப்ப நான் பொழச்சிடுவேன்" என்றான். அவள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்வது? நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால்கூட நான் ஏதாவது செய்வேன். அங்கே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனேன்.

அந்த வாரமே போய்விட்டான்.

எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்தபின் டாக்டரம்மா கூப்பிட்டார். அந்தத் தட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, சோதனை முடிந்துவிட்டது, நீ வர வேண்டாம், நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம் என்றார். இவள் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தடுத்தால் கேட்கிற ஆளா? நானும் கூடப் போனேன். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தட்டை நுண்ணோக்கியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ப்ளீச்சை எடுத்து ஒவ்வொரு குழியாக விட்டாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

"தொடாம விட்ட குழியில அவன் செல்லு ஒண்ணுகூட சாகலைங்க" என்றாள். "எல்லாம் நல்லா உயிரோடதான் இருந்துச்சு. நான்தான் கொன்னேன்."